மழைக் கணக்கு யார் பெயரில்?



வத்திராயிருப்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். மலையில் பெய்யும் மழை பிளவக்கல்லில் உள்ள பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளில் தேங்குகிறது. அங்கிருந்து கண்மாய்களுக்கு வந்து, பிறகு வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே, நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பது இவ்வூரில் பொழுதுபோக்குப் பேச்சு அன்று. நடவுக்கு நாள் பார்ப்பவருக்கு அது முக்கியமான கணக்கு.

இவ்வூர்ப் பள்ளி ஒன்றின் அறிவியல் மன்றம் ஒரு மழைமானி வைத்திருப்பதாகக் கொள்வோம். தினமும் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறார்கள். இந்திய வானிலைத் துறை அன்றாட மழையைக் கணக்கிடுவதும் அதே நேரத்தில்தான். அளவை லினக்ஸ் கணிப்பொறியில் ‘மழை’ என்னும் கோப்பில் எழுதுகிறார்கள். மூன்று ஆண்டுகள் மாறன் என்ற மாணவன் எழுதினான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து அவன் கல்லூரிக்குப் போய்விட்டான். இப்போது பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவி கயலுடையது.

ஐப்பசியின் முதல் பெருமழை. மழைமானி 62 மில்லிமீட்டர் காட்டுகிறது. கயல் தன் பெயரில் கணிப்பொறிக்குள் நுழைந்து கோப்பைத் திறக்கிறாள். பழைய கணக்கு முழுவதும் தெரிகிறது. புதிய வரியை எழுதிச் சேமிக்கப் போனால், ‘பர்மிஷன் டினைடு’, அதாவது அனுமதி மறுக்கப்பட்டது என்ற பதில் வருகிறது.

அவள் என்ன செய்யலாம்? மாறனுடைய கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கலாம். அது பிறர் கையெழுத்தைப் போடுவதற்குச் சமம். கோப்பை நகலெடுத்து நகலில் எழுதலாம். அப்போது ஒரே மழைக்கு இரண்டு கணக்குகள் உண்டாகும். அடுத்த ஆண்டு வருபவருக்கு எது சரியான கணக்கு என்று யார் சொல்வது? முறையான வழி ஒன்றுதான். கோப்பின் உரிமையாளரை மாற்ற வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போமா?

புல எண்ணும் பட்டா எண்ணும்

வத்திராயிருப்பு ஒரு வட்டத் தலைநகர். வயல் வாங்கியவர்கள் பட்டா மாற்றத்திற்காக இங்குள்ள வட்டாட்சியர் அலுவலகத்திற்கு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊரார் ஒரு வயலைக் ‘கரையடி வயல்’ என்றோ ‘புளியமரத்து வயல்’ என்றோ சொல்லலாம். பதிவேட்டில் அதற்கு உள்ளது ஒரு புல எண். அந்தப் புல எண்ணுக்கு நேரே ஒரு பட்டா எண் இருக்கும். இன்னார் உரிமையாளர் என்பதை அந்தப் பட்டா எண் காட்டும்.

கணிப்பொறியின் வட்டிலும் இப்படி ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதில் ஒரு பதிவு. அதை ‘ஐநோடு’ என்பார்கள். ஐநோடு எண்தான் கோப்பின் புல எண். கோப்பின் அளவு, கடைசியாகத் திருத்திய நேரம், செய்திகள் வட்டில் இருக்கும் இடம், யாருக்கு என்ன அனுமதி, உரிமையாளர் யார் என்ற விவரங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால், வியப்பாக இருக்கும், கோப்பின் பெயர் அங்கே இல்லை! பெயர் இருப்பது கோப்புறையில். கோப்புறை என்பது ‘இந்தப் பெயருக்கு இந்த ஐநோடு எண்’ என்று எழுதி வைத்த பட்டியலே. கரையடி வயலை நாளை மேட்டு வயல் என்று அழைத்தாலும் பட்டா மாறுவதில்லை அல்லவா? அதுபோலக் கோப்பின் பெயரை மாற்றினால் உரிமையாளர் மாறுவதில்லை.

ஒரு வரியைப் படிப்போம்

மேலே செல்லுமுன் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் தட்ட வேண்டும். கயல், மாறன், மழை போன்ற பெயர்களையும் அவ்வாறே தட்டுங்கள்.

கட்டளைத் திரையில் எல், எஸ் என்ற எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோட்டையும் எல் என்ற எழுத்தையும் தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். கயலின் திரையில் இப்படி ஒரு வரி வரும். (தேதியை விட்டுவிட்டேன்.)

– ஆர் டபிள்யூ – ஆர் – – ஆர் – –   1   மாறன்   மாணவர்   18615   மழை

வலமிருந்து வருவோம். கடைசியில் இருப்பது கோப்பின் பெயர். அதற்கு முன் 18615 பைட் என்பது அளவு. நாளுக்கு ஒரு வரி. ஒரு வரியில் தேதிக்கு 10 எழுத்து, இடைவெளி 1, மழையளவு 5, வரி முடிவு 1, ஆக 17. மூன்று ஆண்டுக்கு 1095 நாள். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்! ‘மாணவர்’ என்பது குழுவின் பெயர். ‘மாறன்’ என்பது உரிமையாளர். 1 என்பது இந்த ஐநோடுக்கு எத்தனை பெயர்கள் உண்டு என்பதைச் சொல்கிறது.

இடக்கோடியில் உள்ள முதல் குறி இது கோப்பா, கோப்புறையா என்று காட்டும். சிறுகோடு இருந்தால் கோப்பு. டி என்ற எழுத்து இருந்தால் கோப்புறை. மீதி ஒன்பது இடங்களை மும்மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்று உரிமையாளருக்கு, அடுத்த மூன்று குழுவினருக்கு, கடைசி மூன்று மற்றவர்களுக்கு. ஆர் என்றால் படிக்கலாம். டபிள்யூ என்றால் எழுதலாம். எக்ஸ் என்றால் இயக்கலாம். சிறுகோடு என்றால் அந்த அனுமதி இல்லை. மாறன் படிக்கலாம், எழுதலாம். குழுவினரும் மற்றவர்களும் படிக்க மட்டுமே முடியும். கயலுக்கு ஏன் மறுப்பு வந்தது என்பது இப்போது விளங்குகிறதா?

படிப்புக்கு 4, எழுத்துக்கு 2, இயக்கத்திற்கு 1 என மதிப்பிட்டால், இந்த ஒன்பது இடங்களையும் 644 என்ற மூன்று இலக்கங்களில் சொல்லிவிடலாம். இவ்வெண்களை நீங்கள் பல இடங்களில் பார்க்க நேரும்.

பெயர் மாற்றும் கட்டளை

உரிமையாளரை மாற்றும் கட்டளைக்கு ஐந்து எழுத்துகள்: சி, எச், ஓ, டபிள்யூ, என். ‘சேஞ்ச் ஓனர்’ என்பதன் சுருக்கம். நாம் ‘சோன்’ என்போம். இது புதிதாக வந்ததன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டிலேயே இக்கட்டளை இருக்கிறது. யூனிக்ஸின் வழியில் எழுந்தது லினக்ஸ். சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல மாணவர்கள் அதைப் பெற்றார்கள்.

கட்டளையின் அமைப்பு எளிது. முதலில் சோன், பிறகு புதிய உரிமையாளர், பிறகு கோப்பு:

சூடோ சோன் கயல் மழை

முன்னால் உள்ள ‘சூடோ’ (எஸ், யூ, டி, ஓ) எதற்கு? கணிப்பொறியில் ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனர் ஒருவர் உண்டு. அவருடைய எண் 0. உரிமை மாற்றம் ரூட்டின் அதிகாரமில்லாமல் நடவாது. ‘இந்த ஒரு கட்டளையை ரூட்டின் அதிகாரத்தில் நிறைவேற்று’ என்பதே சூடோவின் பொருள். பள்ளியில் அந்த அதிகாரம் ஆசிரியரிடம் இருக்கும்.

உரிமையாளரையும் குழுவையும் ஒருங்கே மாற்ற, இரண்டுக்கும் நடுவே முக்காற்புள்ளி இடுவார்கள். கயல்:அறிவியல் என்பது போல. இடையே இடைவெளி கூடாது.

கோப்புறையின் உரிமையை மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமையும் மாறுமா? மாறாது. தோப்பின் வேலி கைமாறினால் மரங்கள் கைமாறியதாகாது. உள்ளே உள்ள எல்லாவற்றையும், உள்ளுக்குள் உள்ள கோப்புறைகளையும் சேர்த்து மாற்ற, சோன் என்பதற்குப் பின் சிறுகோடும் பெரிய ஆர் எழுத்தும் இட வேண்டும். இந்தப் பெரிய ஆர் மிகவும் வலிமையானது. அதன் வலிமையைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு கேள்வி எழலாம். அடுத்த ஆண்டு கயலும் போய்விடுவாள். ஆண்டுதோறும் மாற்றிக்கொண்டே இருப்பதா? வேண்டாம். கோப்பை ‘அறிவியல்’ என்னும் குழுவின் பெயரில் வைத்து, குழுவினருக்கும் எழுதும் அனுமதி தந்துவிடலாம். 644 என்பது 664 ஆகும். பிறகு குழுவில் ஆளைச் சேர்ப்பதும் நீக்குவதும் மட்டுமே வேலை. கோப்பு மன்றத்தின் பொதுச் சொத்தாகிவிடும்.

சொந்தக்காரரே ஏன் கொடுக்க முடியாது?

கோப்பு மாறனுடையது. அவனே ஏன் அதைக் கயலுக்குக் கொடுக்க முடியாது? தன் பொருளைத் தானே கொடுப்பதில் என்ன தவறு?

இந்தக் கேள்வி யூனிக்ஸின் வரலாற்றிலேயே எழுந்தது. முதற்பதிப்புகளில் உரிமையாளர் கொடுக்க முடிந்தது. பின்னர் அவ்வுரிமையை ரூட்டுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேடு அதற்குக் காரணம் சொல்கிறது: கோப்புகளைப் பிறர் பெயரில் தள்ளிவிட முடிந்தால், வட்டில் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார் என்ற கணக்கை ஏமாற்றிவிடலாம். அப்படி ஒரு கணக்கு முறை அப்போது இல்லவே இல்லை என்பதையும் அக்கையேடே ஒப்புக்கொள்வதுதான் வேடிக்கை! உங்களுக்கு ஒரு கிகாபைட் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் திரைப்படங்களைக் கயலின் பெயருக்கு மாற்றிவிட்டால், நிறைவது அவளுடைய ஒதுக்கீடு. அவளுக்கு அது தெரியவும் தெரியாது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. உங்கள் கடவுச்சொல்லை நீங்களே மாற்றுகிறீர்கள். ஆனால் அது பதிந்துள்ள கோப்பு ரூட்டுடையது. நீங்கள் எப்படி அதில் எழுத முடிகிறது? கடவுச்சொல் மாற்றும் நிரலில் ஒரு சிறப்பு முத்திரை இருக்கிறது. ‘யார் என்னை இயக்கினாலும் என் உரிமையாளரின் அதிகாரத்தில் இயங்குவேன்’ என்பது அம்முத்திரையின் பொருள். இதைக் கண்டுபிடித்தவர் ரிட்சி. இதற்கு 1979 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இப்போது நினைத்துப் பாருங்கள். ஒருவர் தாம் எழுதிய நிரலில் இம்முத்திரையை இட்டு, அதை ரூட்டின் பெயருக்கு மாற்றிவிட முடிந்தால்? மறுகணமே கணிப்பொறி முழுவதும் அவர் வசமாகும். ஆகவேதான் உரிமை மாறும்போது இம்முத்திரையை லினக்ஸ் தானே அழித்துவிடுகிறது.

பெயரா, எண்ணா?

பதிவேட்டில் மாறன் என்ற பெயர் எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணாதீர்கள். இருப்பது ஓர் எண் மட்டுமே. டெபியன் குடும்ப லினக்ஸில் முதலில் சேரும் பயனருக்கு வழக்கமாக 1000 என்ற எண் கிடைக்கும், அடுத்தவருக்கு 1001. தொடக்ககால யூனிக்ஸில் இவ்வெண்ணுக்கு ஒரே பைட் இடம்தான். ஆகவே 256 எண்களே சாத்தியம். இன்று லினக்ஸில் 32 பிட். 400 கோடிக்கு மேற்பட்ட எண்கள்.

இதன் விளைவு சுவையானது. பட்டா எண்கள் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் தனித்தனி. வத்திராயிருப்பில் 1000-ஆம் பட்டா ஒருவருடையது. கூமாபட்டியில் அதே எண் வேறொருவருடையது. கணிப்பொறியிலும் அப்படியே. வத்திராயிருப்புப் பள்ளிக் கணிப்பொறியின் லினக்ஸ் வட்டைக் கழற்றிக் கூமாபட்டியில் ஒரு கணிப்பொறியில் மாட்டினால், மாறனின் கோப்புகள் அங்கே 1000 எண் உள்ளவரின் பெயரில் தோன்றும்! வட்டு பொய் சொல்லவில்லை. எண்ணைத்தான் அது அறியும்; பெயரை அந்தந்தக் கணிப்பொறி தன் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்கிறது.

சாதாரணப் பென்டிரைவில் இந்தச் சோதனை பலிக்காது. அவை பெரும்பாலும் ‘ஃபேட்’ வகை அமைப்பில் உள்ளவை. அந்தப் பதிவேட்டில் உரிமையாளர் என்னும் பத்தியே கிடையாது.

ஓர் இடைவெளியின் விலை

பெரிய ஆர் வலிமையானது என்றேன். அதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் தவற்றையே சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறியில், படிப்பை முடித்த அணியினர் ‘பழையோர்’ என்ற பெயரில் ஊசல், பட்டகம், நிறமாலை அளவீடுகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றைப் புதிய அணிக்கு மாற்ற வேண்டும். மாலை நேரம், பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நான் தட்ட நினைத்தது இது:

சூடோ சோன் –ஆர் புதியோர் /ஹோம்/பழையோர்

அவசரத்தில் முதல் சாய்கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. லினக்ஸில் தனித்து நிற்கும் சாய்கோடு என்பது எல்லாக் கோப்புறைகளுக்கும் தாய். கணிப்பொறி முழுவதும் அதனுள் அடக்கம். ‘ஊரிலுள்ள எல்லா நிலத்தையும் புதியோர் பெயருக்கு மாற்று’ என்று நான் ஆணையிட்டிருந்தேன்! கணிப்பொறி தயங்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. நான் உணர்ந்து நிறுத்துவதற்குள் பத்து விநாடி ஆகிவிட்டது. பல்லாயிரம் கோப்புகளின் உரிமை மாறிவிட்டது.

திருத்தலாம் என்று மீண்டும் சூடோ என்று தட்டினேன். அது இயங்க மறுத்தது. சூடோவும் ஒரு கோப்புதான். அது ரூட்டுடையதாகவும், முன்பு சொன்ன முத்திரை உடையதாகவும் இருந்தால்தான் இயங்கும். இரண்டையும் என் கட்டளையே பறித்துவிட்டது. பழைய உரிமையாளர் யார் என்பதைக் கணிப்பொறி எங்கும் குறித்து வைப்பதில்லை. பழைய எண்ணின் மேல் புதிய எண் எழுதப்பட்டால் பழையது போனதுதான்.

ஒரே ஒரு ஆறுதல், உரிமை மாறினாலும் உள்ளடக்கம் மாறுவதில்லை. அளவீடுகள் அனைத்தும் அப்படியே இருந்தன. பென்டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கி, அவற்றை வெளியே எடுத்துவிட்டு, இயக்க முறையைப் புதிதாக நிறுவினோம். இரண்டு நாட்கள் செய்முறை வகுப்பு நின்றது. காரணத்தை மாணவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்.

கட்டளைக்கு முன் நான்கு காரியங்கள்

முதலாவது, இப்போதைய நிலையைப் பட்டியலிட்டு, அப்பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். கணிப்பொறி நினைவில் வைக்காததை நீங்கள் வைத்திருப்பீர்கள்.

இரண்டாவது, ஒரே ஒரு கோப்பில் முதலில் செய்து பாருங்கள். எதிர்பார்த்தபடி நடந்தால் மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

மூன்றாவது, என்டர் விசையை அழுத்துமுன் கட்டளையை இடமிருந்து வலமாக, இடைவெளிகள் உட்பட, ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

நான்காவது மிக முக்கியம். யாருடையதை மாற்ற வேண்டும் என்பதையும் கட்டளையில் சொல்லிவிடலாம். சோன் என்பதற்குப் பின் இரண்டு சிறுகோடுகள், எஃப், ஆர், ஓ, எம் என்ற எழுத்துகள், சமக்குறி, பழைய உரிமையாளரின் பெயர்:

சூடோ சோன் –ஆர் ––ஃப்ரம்=பழையோர் புதியோர் /ஹோம்/பழையோர்

இப்போது பழையோருக்கு உரிய கோப்புகள் மட்டுமே மாறும். அன்று நான் இதைச் சேர்த்திருந்தால், அதே இடைவெளி விழுந்திருந்தாலும், ரூட்டின் கோப்பு ஒன்றுகூட மாறியிருக்காது. நிலப்பத்திரத்தில் வாங்குபவர் பெயரோடு விற்பவர் பெயரையும் ஏன் எழுதுகிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது!

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ்தான். அதில் ஒவ்வொரு செயலிக்கும் 10000-க்கு மேற்பட்ட ஒரு பயனர் எண் தரப்படுகிறது. ஒரு விளையாட்டுச் செயலி வங்கிச் செயலியின் சொந்தக் கோப்புகளைத் திறக்க முடியாமல் தடுப்பவற்றுள் முதலாவது, கயலைத் தடுத்த அதே விதி.

ஆசிரியர் வந்தார், கட்டளையைத் தட்டினார். கயல் 062.0 என்று எழுதிச் சேமித்தாள். 1096-ஆவது வரி. கணக்கு விட்டுப்போகவில்லை.

செய்து பாருங்கள்

(ஆசிரியரின் அனுமதியோடு, சூடோ இல்லாமல் செய்யுங்கள்.)

1. ஒரு கோப்பை உண்டாக்கி, எல்எஸ் கட்டளையில் எல் என்பதற்குப் பதிலாக என் என்ற எழுத்தை இடுங்கள். உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் என்ன தெரிகிறது?

2. அடுத்து ஐ என்ற எழுத்தை இட்டு ஐநோடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். எண் மாறியதா? ஏன்?

3. அக்கோப்பை ரூட்டின் பெயருக்கு மாற்ற முயலுங்கள். என்ன பதில் வருகிறது? மேலே சொன்ன இரண்டு காரணங்களில் எது இங்கே பொருந்தும்?